ஒலி ஒன்று, எழுத்து வேறு: ஆங்கிலச் சொற்களையும் பெயர்களையும் பிழையின்றி எழுதும் வழி

பிட்மன் சுருக்கெழுத்தைக் கற்க வருபவர்களுக்கு முதல் நாளிலேயே நான் சொல்லிவிடும் செய்தி ஒன்று உண்டு. இங்கே நாம் எழுத்தை எழுதப் போவதில்லை, காதில் விழும் ஒலியை எழுதப் போகிறோம். ஐசக் பிட்மன் 1837இல் இங்கிலாந்தில் வெளியிட்ட முறையின் அடிப்படையே அதுதான். வேகத்துக்கு அது பெரிய வரம். ஆனால் எடுத்த குறிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்ய உட்காரும்போதுதான் வரத்தின் விலை தெரியும். 'ரைட்' என்ற ஒலிக்குக் குறிப்பேட்டில் ஒரு கோடுதான் இருக்கும். அது எழுதுவதா, வலப்பக்கமா, உரிமையா, சடங்கா என்பதை அந்தக் கோடு சொல்லாது. சொல்பவர் நினைத்தது எது என்பதைக் கேட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்று கைபேசியிடம் பேசி எழுத்தாக்கும் வசதி வந்துவிட்டபோதிலும் சிக்கல் மாறவில்லை. முன்பு தட்டச்சர் ஊகித்ததை இப்போது மென்பொருள் ஊகிக்கிறது, அவ்வளவே. கடிதத்தில் கையொப்பம் இடுபவருக்குத்தான் இன்றும் பொறுப்பு.

இத்தகைய சொற்களை இணை இணையாகப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சி நூல்கள் ஏராளம். அந்த முறையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தவருக்கு, எழுதும் நேரத்தில் இரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வந்து, எது எதற்கு என்பதுதான் மறந்துபோகிறது. பல ஆண்டுகள் கற்பித்ததில் நான் கண்ட வழி வேறு. ஒரு சொல்லை எழுதுவதற்கு அதன் உறவுச் சொற்களைக் கேட்க வேண்டும். ஒரு பெயரை எழுதுவதற்கு அதற்கு உரியவரைக் கேட்க வேண்டும். ஆங்கில எழுத்துகளை இக்கட்டுரையில் ஏ, இ, ஐ என அவற்றின் பெயராலேயே குறிக்கிறேன்.

முதலில் நம் காது செய்யும் மயக்கம்

தமிழ் பேசுபவருக்கு இந்தக் குழப்பம் இரண்டு அடுக்காக வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆங்கிலத்திலேயே ஒலி ஒன்றாகவும் எழுத்து வேறாகவும் இருப்பது ஒன்று. ஆங்கிலத்தில் ஒலியே வேறாக இருந்தும் நம் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாகிவிடுவது மற்றொன்று. 'கேஸ் முடிந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால், நீதிமன்றத்திலிருந்து திரும்பியவரா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பவரா என்பதைக் கொண்டே பொருள் கொள்கிறோம். குடிக்கும் காப்பியும் தேர்வில் அடிக்கும் காப்பியும் நமக்கு ஒரே ஒலிதான். தமிழில் பேசும்வரை இதில் குறை ஒன்றுமில்லை. இடமும் சூழலும் பொருளைத் தெளிவாக்கிவிடும். அதே காதை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்டு எழுதும்போதுதான் தவறு நேர்கிறது.

இதற்கான மருந்து பிட்மன் முறையிலேயே இருக்கிறது. அதில் மெல்லிய கோடும் அழுத்தமான கோடும் இணையாக வரும். மாத்திரையைக் குறிக்கும் 'பில்' மெல்லிய கோட்டில் தொடங்கும். கடைக்காரர் தரும் 'பில்' அதே திசையில் அழுத்தமான கோட்டில் தொடங்கும். நிலக்கரியான 'கோல்' மெல்லியது, கால்பந்தில் போடும் 'கோல்' அழுத்தமானது. மாணவர்களைத் தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு இவற்றைச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன். தொடக்க மெய்யிலேயே தொண்டை அதிர்ந்தால் அது அழுத்தக் கோடு, அதிராவிட்டால் மெல்லிய கோடு. பாம்பு, தங்கம் ஆகிய சொற்களில் இந்த இரு ஒலிகளையும் நாம் இயல்பாகவே ஒலிக்கிறோம். நம் எழுத்து அவற்றைப் பிரித்துக் காட்டாததால் பிரித்துக் கேட்கும் பழக்கம்தான் வரவில்லை. ஒரு வாரம் விரலை வைத்துப் பழகினால் அது வந்துவிடும். மேற்குத் திசையான 'வெஸ்ட்' என்பதற்கு உதடுகள் குவிய வேண்டும். உள்ளாடையான 'வெஸ்ட்' என்பதற்கு மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கேட்கும்போது பேசுபவரின் வாயைப் பார்ப்பதும் ஒரு நல்ல பழக்கம்தான்.

'பீஸ்' என்ற சொல்லில் இரண்டு அடுக்கும் சேர்ந்தே கிடக்கின்றன. பள்ளிக்குக் கட்டும் பீஸ், கறித்துண்டான பீஸ், அமைதி என்னும் பீஸ் ஆகிய மூன்றையும் தமிழில் ஒன்றுபோலவே சொல்கிறோம். இவற்றில் பள்ளிக் கட்டணம் ஆங்கிலத்தில் எஃப் ஒலியில் தொடங்கி இசட் ஒலியில் முடிவது. காதைப் பழக்கினால் அது தனியே விலகிவிடும். துண்டும் அமைதியுமோ ஆங்கிலேயர் காதுக்கும் ஒன்றுதான். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. அங்கே காதை விட்டுவிட்டுச் சொல்லின் உறவுகளைத் தேட வேண்டும்.

எழுத்து ஏன் வேறாக நின்றது

ஆங்கில எழுத்துக்கூட்டல் காரணமின்றி அமைந்தது என்று நினைப்பவர்களால் அதைக் கற்க முடியாது. அதற்கு வரலாறு உண்டு. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய காலத்தில் ஆங்கில நெடில் உயிர்கள் மாறிக்கொண்டிருந்தன. அந்த மாற்றம் 1400களிலிருந்து ஏறத்தாழ 300 ஆண்டுகள் நீடித்தது. இறைச்சியைக் குறிக்கும் 'மீட்' என்பதற்கும் சந்திப்பைக் குறிக்கும் 'மீட்' என்பதற்கும் முன்பு வெவ்வேறு உயிரொலி இருந்தது. கடலான 'சீ'யும் பார்த்தலான 'சீ'யும் அப்படித்தான். ஒலிகள் பின்னர் ஒன்றாகிவிட்டன. அச்சில் ஏறிய எழுத்துகள் பழையபடியே நின்றுவிட்டன. வீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் கே ஒரு காலத்தில் வாயால் ஒலிக்கப்பட்டதே. ஆகவே ஒலிக்காத எழுத்தைக் கண்டால் எரிச்சல் கொள்ள வேண்டாம். அந்தச் சொல் எந்தக் குடும்பத்தில் பிறந்தது என்பதை அதுதான் காட்டுகிறது.

உறவுச் சொல்லைக் கேளுங்கள்

வழிமுறை எளிது. ஐயம் வரும் சொல்லுக்கு, அதே பொருளையொட்டிய, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதபடி ஒலிக்கும் இன்னொரு சொல்லைத் தேடுங்கள். ஐயத்துக்குரிய எழுத்து அதில் வெளிப்படையாக நிற்கும். அமைதிக்கு உறவு 'பசிஃபிக்'. அது மெகல்லன் 1520இல் அமைதிக் கடல் என்று பெயரிட்ட மாகடல். அந்தச் சொல்லில் ஏ இருக்கிறது; ஆகவே அமைதி என்னும் பீஸிலும் ஏ உண்டு, துண்டு என்னும் பீஸில் இல்லை. குணமாதலைக் குறிக்கும் 'ஹீல்' என்பதற்கு 'ஹெல்த்' உறவு, எனவே அங்கே இ, ஏ. குதிகாலுக்கு அந்த உறவு இல்லை, எனவே இரண்டு இ. இரண்டு என்னும் 'டூ'வில் ஒலிக்காமல் நிற்கும் டபிள்யூ, 'ட்வின்', 'ட்வெல்வ்', 'ட்வென்டி' ஆகியவற்றில் வாய்விட்டு ஒலிக்கிறது.

'சைட்' என்ற ஒலிக்கு மூன்று சொற்கள். கட்டுமான இடத்துக்கு 'சிச்சுவேஷன்' உறவு, ஆகவே எஸ், ஐ. மேற்கோள் காட்டுவதற்கு 'சைட்டேஷன்' உறவு, ஆகவே சி. பார்வைக்கு 'லைட்', 'பிரைட்' கூட்டாளிகள், ஆகவே நடுவில் ஜி, எச். அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் எழுத நேரலாம்.

இனி கவுன்சிலருக்கு வருவோம், ஏனெனில் அதிகப் பிழைகளை நான் திருத்தியது இங்கேதான். வார்டு உறுப்பினரும் கவுன்சிலர், மனநல ஆலோசகரும் கவுன்சிலர். ஒரு மாணவி தம் பகுதியில் குடிநீர் வரவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தை என்னிடம் காட்டினார். நடை நன்றாக இருந்தது, குறையும் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் பெறுநர் முகவரியில் வார்டின் மனநல ஆலோசகர் என்று பொருள்படும் சொல் நின்றது. அவர் முகம் வாடிவிட்டது. பிழையை மட்டும் சுட்டிக் காட்டினால் அது மறுபடியும் வரும் என்பதால் இரு குடும்பங்களையும் எழுதிக் காட்டினேன். ஆலோசனை சொல்வதற்கு 'கன்சல்ட்' உறவு. அதில் எஸ் கண்ணுக்கு முன் நிற்கிறது, ஆகவே ஆலோசகரிலும் எஸ், இ. கூடி இணங்கும் அவைக்கு 'ரீகன்சைல்' உறவு. அதில் சி இருக்கிறது, ஆகவே மன்ற உறுப்பினரில் சி, ஐ. அதன்பின் அவர் அந்தச் சொல்லில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

'ஸ்டேஷனரி' இணையில் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இடைக்கால இங்கிலாந்தில் பெரும்பாலான வணிகர்கள் ஊர் ஊராகச் சென்று விற்றபோது, நூலும் எழுதுபொருளும் விற்றவர்கள் நிலையான கடை போட்டு அமர்ந்தார்கள். அதனாலேயே 'ஸ்டேஷனர்' என்று பெயர் பெற்றார்கள். லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557இல் அரச பட்டயம் கிடைத்தது. கடைக்காரரான ஸ்டேஷனரின் ஈற்றில் இருக்கும் இ, ஆர் தாள், பேனா ஆகியவற்றைக் குறிக்கும் சொல்லில் அப்படியே தொடர்கிறது. நின்றுகொண்டிருக்கும் பேருந்தைச் சொல்லும்போது ஏ. மலர், மாவு என்னும் 'ஃபிளவர்' இணையும் அப்படியே. மாவில் மிக நுண்ணிய, சிறந்த பகுதியை மாவின் மலர் என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்தார்கள். ஆங்கிலேயர் அதைப் பெற்று நெடுங்காலம் இரண்டையும் ஒரே எழுத்தில்தான் எழுதினார்கள். சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியிலும் அவை தனித்தனியாகப் பிரியவில்லை.

கல்லூரி முதல்வரும் கடனின் அசல் தொகையும் ஒரே 'பிரின்சிபல்'. இரண்டிலும் முதன்மை என்பதே பொருள், ஆகவே 'சென்ட்ரல்', 'நேஷனல்' போல ஏ, எல் என முடியும். கொள்கையைக் குறிப்பது 'ரூல்' என்பதைப் போலவே எல், இ என முடியும். முழுமையாக்குவதான 'காம்ப்ளிமென்ட்' என்பதில் 'கம்ப்ளீட்' இருக்கிறது, எனவே இ. பாராட்டுக்கும் விடுதியில் தரும் இலவசச் சிற்றுண்டிக்கும் ஐ.

பெயரா வினையா என்பதில் வரும் சிக்கலுக்கு 'அட்வைஸ்' உதவும். அதில் பெயர்ச்சொல் எஸ் ஒலியில் முடிந்து சி என எழுதப்படும். வினைச்சொல் இசட் ஒலியில் முடிந்து எஸ் என எழுதப்படும். அந்த இணையில் காதால் கேட்கும் வேறுபாட்டை, காதால் கேட்க முடியாத 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' ஆகியவற்றுக்கும் பொருத்திக்கொள்ளலாம். இது பிரிட்டன் வழக்கு. நம் நாட்டு அலுவலகங்களில் பெரும்பாலும் இதையே பின்பற்றுகிறோம். அமெரிக்கர்கள் முன்னதை இரண்டுக்கும் சி என்றும், பின்னதை இரண்டுக்கும் எஸ் என்றும் எழுதுவார்கள். ஒரே கடிதத்தில் இரு வழக்குகளும் கலக்கக் கூடாது.

தொடங்கிய 'ரைட்'டுக்குத் திரும்புகிறேன். எழுதுவதில் தொடக்கத்தில் டபிள்யூ, ஈற்றில் இ. உரிமையிலும் வலப்பக்கத்திலும் நடுவில் ஜி, எச். சடங்குக்கு 'ரிச்சுவல்' உறவு. நான்காவதாக இன்னொன்று உண்டு: டபிள்யூவும் ஜி, எச்சும் சேர்ந்து வரும் 'ரைட்'. அது கைவினைஞரைக் குறிக்கும் பழஞ்சொல். 1903இல் விமானம் ஓட்டிய ஆர்வில், வில்பர் சகோதரர்களின் குடும்பப் பெயர் அதுதான். நாடக ஆசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்ற சொல்லிலும் எழுதுதல் இல்லை, நாடகத்தைச் செய்யும் கைவினைஞர்தான் இருக்கிறார். அதேபோல் 'காப்பிரைட்' படியெடுக்கும் உரிமை, ஆகவே ஜி, எச். விளம்பர வாசகம் எழுதும் 'காப்பிரைட்டர்' எழுதுபவர், ஆகவே டபிள்யூ. இந்த நான்கையும் பொருளோடு பிடித்துக்கொண்டவர் இந்த வரிசையில் மீண்டும் தவற மாட்டார்.

பேச்சில் மட்டுமே இருக்கும்போது

எழுத்தில் பார்க்க வாய்ப்பில்லாத இடத்தில் உறவுச் சொல் உதவாது. அங்கே பேசுபவர்தான் சொல்லை மாற்றிச் சொல்ல வேண்டும். 1989 பிப்ரவரி 19 அன்று ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானம் ஒன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்தது. 2,400 அடிக்கு இறங்கும்படி சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர், 'டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ' என்றார். விமானி அந்த 'டூ'வை இரண்டு என்ற எண்ணாகக் கொள்ளாமல் 'வரை' என்னும் பொருளில் எடுத்துக்கொண்டு, 400 என்று திருப்பிச் சொன்னார். அந்த மறுமொழியைக் கட்டுப்பாட்டாளர் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். 'டூ தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்' என்று சொல்லப்பட்டிருந்தால் இந்த மயக்கத்துக்கே இடமில்லை. தொலைபேசியில் தொகை, தேதி, கதவு எண் ஆகியவற்றைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த நிகழ்வு நினைவுக்கு வரும். 15ஆ 50ஆ என்ற ஐயம் எழக்கூடிய இடத்தில், 'ஒன்று, ஐந்து' என இலக்கங்களைப் பிரித்துச் சொல்லுங்கள். எதிர்முனையில் இருப்பவர் திருப்பிச் சொல்லும்போது கவனமாகக் கேளுங்கள். திருப்பிச் சொல்வது சடங்கு அன்று, பிழையைப் பிடிக்கும் கடைசி வாய்ப்பு.

பெயருக்கு உரியவரைக் கேளுங்கள்

பெயர்களுக்கும் ஒரு காலத்தில் பொருள் இருந்தது. 'டெய்லர்' என்ற குடும்பப் பெயர் தையற்காரரிலிருந்து வந்தது. ஆனால் தொழிலில் ஏ, ஐ என்று வருவது பெயரில் ஏ, ஒய் ஆகிவிட்டது. 'கிளார்க்' என்ற குடும்பப் பெயர் எழுத்தரிலிருந்து வந்தது. எழுத்தரை இ இட்டு எழுதினாலும் பிரிட்டனில் 'கிளார்க்' என்றே ஒலிப்பார்கள். நாமும் அவர்களிடம் கேட்டபடியே சொல்கிறோம். குடும்பப் பெயரோ ஒலித்தபடியே ஏ இட்டு எழுதப்படுகிறது, சிலர் ஈற்றில் இ சேர்த்துக்கொள்கிறார்கள். 'ரீட்' என்பது செந்நிற முடியுடையவர் என்ற பொருளில் பெரிதும் வழங்கிய பெயர்; அதற்கு மூன்று வகையான எழுத்துக்கூட்டல் உண்டு. இந்த வரலாறு சுவையானது, ஆனால் எழுதும்போது பயன்படாது. பெயரில் எது சரி என்பதை மொழி முடிவு செய்வதில்லை, அந்தக் குடும்பம் முடிவு செய்துவிட்டது.

1897இல் எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனின் பெயரில் பி கிடையாது. கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சனுக்கும் கிடையாது. வெப்பவியலில் பெயர் பெற்ற ரம்ஃபோர்டு பிரபு பெஞ்சமின் தாம்சனுக்கு உண்டு. ஸ்டீஃபன் ஹாக்கிங் பி, எச் இட்டு எழுதியவர். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் வி இட்டு எழுதுபவர். கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரி ஹாக்கிங்கின் எழுத்துகளையே வைத்துக்கொண்டு வேறாக ஒலிப்பவர். நாசாவில் பணியாற்றிய கணிதவியலாளர் கேதரின் ஜான்சனுக்கு நடுவில் இ, நடிகை கேதரின் ஹெப்பர்னுக்கு அதே இடத்தில் ஏ. விளக்குத் தயாரிப்பில் தொடங்கிய டச்சு நிறுவனமான பிலிப்ஸில் ஒரு எல். கூட்டல் குறி வடிவத் திருகாணிக்குப் பெயர் கொடுத்த அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸில் இரண்டு எல். தமிழில் எழுதினால் வேறுபாடு இன்னும் மறைந்துவிடும். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஆளுநர் தாமஸ் மன்றோவும், நடிகை மர்லின் மன்றோவும் நம் எழுத்தில் ஒன்று. ஆங்கிலத்தில் ஆளுநருக்கு யூ, நடிகைக்கு ஓ, ஈற்றில் ஓர் இ.

ஓர் எழுத்துதானே என்று தோன்றலாம். 2009இல் பிரிட்டனில் 'டெய்லர் அண்ட் சன்' என்ற நிறுவனத்தைக் கலைக்கும் ஆணை பிறந்தது. நிறுவனப் பதிவகம் அதைக் கார்டிஃபில் நூறாண்டைக் கடந்து இயங்கிவந்த 'டெய்லர் அண்ட் சன்ஸ்' என்ற பொறியியல் நிறுவனத்தின் பெயரில் பதிந்துவிட்டது. பிழை சில நாட்களிலேயே திருத்தப்பட்டது. அதற்குள் செய்தி பரவி, கடன் கொடுப்பவர்களும் பொருள் தருபவர்களும் பின்வாங்கி, அந்த நிறுவனம் வீழ்ந்தது. 250 பேர் அளவுக்கு வேலை பார்த்த இடம் அது. பதிவகமே பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. ஈற்றில் ஓர் எஸ் இருந்ததும் இல்லாததுமே வேறுபாடு.

ஆகவே பெயர் வரும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழில் 'எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்' என்றும், ஆங்கிலத்தில் அதற்கு நிகராகவும் பணிவோடு கேட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை. பெயரைத் தவறாகக் கண்டால்தான் வருத்தப்படுகிறார்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் பெயரில் ஒலிக்காத இ ஒன்றை விட்டுவிட்டேன். என் கடிதத்தின் நகலிலேயே அந்த எழுத்தைப் பேனாவால் நுழைத்து, கீழே நன்றி என்று எழுதி அவர் திருப்பி அனுப்பியிருந்தார். அந்த மைக்கோட்டின் நீலம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எழுத்துக்கூட்டிச் சொல்வதிலும் ஒரு பள்ளம் உண்டு. ஆங்கில எழுத்துகளின் பெயர்களிலேயே பி இரண்டு, டி இரண்டு என்று நம் காதில் விழும். எம், என் இரண்டும் தொலைபேசியில் ஒன்றாகும். இதற்காகவே விமானத் துறையினர் 1956 முதல் அல்ஃபா, பிராவோ, சார்லி என்ற வரிசையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வரிசையில் அல்ஃபாவை எஃப் இட்டு எழுதுவதும், ஜூலியட்டை ஈற்றில் இரண்டு டி இட்டு எழுதுவதும், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் பார்த்தவுடன் சரியாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகவே. வரிசை முழுவதும் தெரியாவிட்டால், 'பாம்பேயின் பி', 'டெல்லியின் டி' என்பதே போதும்.

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே விதிதான். முத்து, லட்சுமி, செந்தில் ஆகிய பெயர்களை இரண்டு மூன்று விதமாக எழுதுபவர்கள் ஒரே தெருவில் இருப்பார்கள்; மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடி மற்ற ஆவணங்களிலும் இருந்தால்தான் பின்னால் அலைச்சல் இல்லை. எச் மிகையாக இருக்கிறது என்று நினைத்து நீங்களாகத் திருத்தாதீர்கள். பழைய பதிவேட்டில் ஒருவரைத் தேடுவதானால் மட்டும், சாத்தியமான எல்லா எழுத்துக்கூட்டல்களையும் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

என் மாணவர்கள் குறிப்பெடுக்கும்போது, பெயர் வரும் இடத்தில் மட்டும் சுருக்கெழுத்தை நிறுத்திவிட்டு, முதல் முறை அதை முழு எழுத்தில் எழுதுவார்கள். அந்த நேரத்தில் இரண்டு சொற்கள் தவறினாலும் பின்னர் கேட்டு நிரப்பிக்கொள்ளலாம். ஐயமான ஒத்தொலிச் சொல் வந்தால் பென்சிலால் ஒரு சிறு வட்டம் இடுவார்கள். தட்டச்சு முடிந்தபின் கடிதத்தை மேலிருந்து வாசிப்பதற்கு முன், வட்டமிட்ட இடங்களையும் பெயர்களையும் மட்டும் தனியே எடுத்து, வருகையாளர் அட்டையுடனோ பழைய கடிதத்துடனோ எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.